படுக்கையில் இருக்கும் உபதேசியார் தாத்தாவுக்கு என்ன சொல்வது? (கிருபை, விசுவாசம், கீழ்ப்படிதல்)

பனைநிழல்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் தாத்தாவுக்கு (அப்பாவின் அப்பா) 88 வயது. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சபைகளில் நாற்பது வருஷம் உபதேசியாராக இருந்தவர். விடியற்காலையில் கோயில் மணி அடிப்பது, ஜெபம் நடத்துவது, பிள்ளைகளை வசனம் மனப்பாடம் பண்ணவைப்பது, ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பது, இதுதான் அவர் வாழ்க்கை. நான்கு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். போன வாரம் ஒரு ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு "ஏலே, நான் செஞ்சது போதுமா?" என்று கேட்டார்.

எதைக் கேட்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் அவரே சொன்னார். அவருக்கும் அவருடைய தம்பிக்கும் ஒரு வரப்புத் தகராறு. பதினெட்டு வருஷம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை, பேசாமலே தம்பி இறந்துபோனார். அத்தனை வருஷமும் ஞாயிறு தவறாமல், நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களை மன்னியும் என்று வருகிற பரமண்டல ஜெபத்தைச் சபைக்கு முன்னால் நின்று சொன்னவர் இவர். "மன்னிக்காதவனுக்கு மன்னிப்பு இல்லேன்னு மத்தேயு ஆறுல இருக்கே" என்கிறார். இதற்கு நடுவில் ஜெபிக்க வந்த ஒருவர் "முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்" என்ற வசனத்தை மட்டும் வாசித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து தாத்தா சரியாகத் தூங்கவில்லை.

நான் எபேசியர் 2:8, "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்பதைச் சொல்லிப் பார்த்தேன். "அதை உனக்கு மனப்பாடம் பண்ணவெச்சதே நான்தானே" என்றார். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கிருபையினால் இரட்சிப்பு என்றால் நாற்பது வருஷக் கீழ்ப்படிதலுக்கு என்ன இடம்? பதினெட்டு வருஷக் கீழ்ப்படியாமைக்கு என்ன இடம்? சும்மா ஆறுதலுக்காக எதையும் அவரிடம் சொல்ல முடியாது, வேதம் தெரிந்தவர், உடனே கண்டுபிடித்துவிடுவார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தரங்கைவாசி

தம்பி, தாத்தாவுக்காக ஜெபிக்கிறேன். நான் லுத்தரன் சபையில் வளர்ந்தவன், அந்தக் கோணம் என் பேச்சில் இருக்கும்.

முதலில் வரிசையைப் பாருங்கள். யாத்திராகமம் 20-இல் பத்துக் கற்பனைகள் வருகின்றன. ஆனால் முதல் கற்பனைக்கு முந்தின வசனம் "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின" தேவன் நான் என்கிறது. எகிப்தைவிட்டுப் புறப்பட்ட பஸ்கா இரவு 12-ஆம் அதிகாரம், செங்கடல் 14, கற்பனைகள் 20. இந்தக் கற்பனைகளைக் கைக்கொண்டால் எகிப்திலிருந்து கூட்டிக்கொண்டு வருவேன் என்று தேவன் சொல்லவில்லை, கூட்டிக்கொண்டு வந்தபிறகுதான் இப்படி நடங்கள் என்றார். எபேசியர் 2-ம் அதே வரிசைதான். எட்டும் ஒன்பதும் கிரியைகளினால் அல்ல என்று சொன்ன கையோடு, பத்தாம் வசனம் நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. எங்கள் பக்கத்துப் பிரசங்கங்கள் பாதி ஒன்பதிலேயே நின்றுவிடுகின்றன, அதை ஒப்புக்கொள்கிறேன்.

அதனால் "செஞ்சது போதுமா" என்ற கேள்விக்கு என் பதில், போதாது. யாருக்கும் போதாது. எங்கள் சபைக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1546 பிப்ரவரியில் சாவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிவைத்தது "நாம் பிச்சைக்காரர்கள், இது உண்மை" என்பதைத்தான். வேதம் முழுவதையும் ஜெர்மனில் மொழிபெயர்த்து, ஐரோப்பாவையே அசைத்த மனிதர் கடைசியில் கையில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. தாத்தா அதைக் கேட்டால் பயப்படமாட்டார் என்று நினைக்கிறேன். தன்னைப்போலவே ஒருவர் இருந்தார் என்று தோன்றும்.

உப்பளத்தார்

மன்னிக்கவும், எனக்குக் "கிருபை" என்ற வார்த்தையைக் கேட்டாலே வயிறு எரிகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் முதலாளி விசுவாசி. காலை எட்டரைக்கு எல்லாரும் நின்று பாட்டு, ஜெபம், வசனம் எல்லாம் முடிந்துதான் வேலை தொடங்கும். அதே ஆள் எங்கள் இருபது பேருக்கு மூன்று மாதச் சம்பளம் தரவில்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டும் என்று போய் நின்றால் "நாம எல்லாரும் கிருபையினாலதானே வாழ்றோம் பிரதர், கர்த்தர் பாத்துப்பார்" என்பார். அந்த வருஷம் அவர் வீட்டுக்கு மாடி எடுத்தார். சொந்தச் சபையில் போய் அழுது சாட்சி சொன்னார், தான் பாவிகளில் பிரதான பாவி என்று. சொல்லிவிட்டு மறுநாளும் சம்பளம் தரவில்லை.

யாக்கோபு நிருபம் 2-ஆம் அதிகாரத்தில் கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று எழுதியவர்தான் 5-ஆம் அதிகாரத்தில் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளுடைய கர்த்தரின் காதில் விழுந்திருக்கிறது என்று எழுதுகிறார். இரண்டும் ஒரே கடிதம். விசுவாசமா கிரியையா என்று நாம் இங்கே உட்கார்ந்து பேசுகிறோம், அவருக்கு அது வயலில் அறுத்தவனுடைய கூலியைப் பற்றிய விஷயம். பாதுகாப்பான கிருபையைப் பற்றி யார் பேசினாலும் அந்த மாடிவீடு என் கண்முன் வந்து நிற்கிறது.

பனைநிழல்

அண்ணன், உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஒன்றைப் பாருங்கள். உங்கள் முதலாளிக்கு "போதுமா" என்ற கேள்வியே வரவில்லை. என் தாத்தாவுக்கு அதைத் தவிர வேறு கேள்வி இல்லை. ஒரே வேதம் அவரைத் தூங்கவைத்திருக்கிறது, இவரை எழுப்பிவிட்டிருக்கிறது.

தரங்கைவாசி

உப்பளத்தார் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் போனால் நான் நேர்மையானவன் இல்லை. இந்த நோயை எங்கள் வீட்டுக்குள்ளிருந்தே கண்டுபிடித்துப் பெயர் வைத்தவர் ஒரு லுத்தரன் போதகர்தான், டீட்ரிக் போன்ஹோஃபர். 1937-இல் எழுதிய புத்தகத்தில் "மலிவான கிருபை" என்று அதற்குப் பெயர் வைத்தார். மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பு, சிலுவை இல்லாத கிருபை. ஜெர்மனியில் எல்லாரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள், எல்லாருக்கும் கிருபையைப் பற்றி வாய்ப்பாடமாகத் தெரியும், அதே சபைகள்தான் ஹிட்லருக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றன. விசுவாசிக்கிறவன் மட்டுமே கீழ்ப்படிகிறான், கீழ்ப்படிகிறவன் மட்டுமே விசுவாசிக்கிறான் என்று இரண்டு பக்கமும் பூட்டுப்போட்டு எழுதினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிட்டார்கள், 39 வயது.

அதே புத்தகத்தில் ஒரு இடம் என்னை இன்றுவரை விடவில்லை. கணக்குப் போட்டு முடித்தபிறகு வருகிற விடை ஒன்று, கணக்கே போடாமல் முதல் வரியிலேயே எழுதிவைத்துக்கொள்வது வேறு என்கிறார். லுத்தர் மடத்தில் வருஷக்கணக்காகத் தன்னை ஒடுக்கிப் பார்த்து, முடியாமல் விழுந்து, அப்புறம் "கிருபை மட்டுமே" என்று சொன்னார். அவருக்கு அது விடை. அந்த வாக்கியத்தை முதல் வரியாக எடுத்துக்கொண்டு, இனி எப்படி வாழ்ந்தாலும் சரி என்று தொடங்குகிறவன் சொல்வது எழுத்துக்கு எழுத்து அதே வாக்கியம்தான், ஆனால் பொய். பனைநிழல் தம்பி, நீங்கள் கடைசியாகச் சொன்னதும் இதுதான். தாத்தா கணக்கை முழுவதும் போட்டுப் பார்த்தவர். அவருக்கு அந்த விடையைச் சொல்லலாம், சொல்லியே ஆகவேண்டும்.

மேல்வீட்டறை

பிரைஸ் தி லார்ட். எனக்கு இவ்வளவு சரித்திரம் தெரியாது. பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லை என்று எபிரெயர் 12:14 இருக்கிறது, அதே வசனத்தின் முதல் பாதி யாவரோடும் சமாதானமாயிருக்க நாடுங்கள் என்கிறது. பனைநிழல் பிரதர், தாத்தாவின் தம்பி இல்லை, சரி. தம்பி பிள்ளைகள் இருக்கிறார்களா? இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். முதலில் ஒப்புரவாகட்டும், அப்புறம் சமாதானம் தானாக வரும். இவ்வளவு நேரம் இங்கே பேசுவதற்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.

தரங்கைவாசி

பிரதர், யோசனை நல்லது, ஆனால் "முதலில்" என்ற வார்த்தையில்தான் எனக்குப் பயம். ஒப்புரவானால்தான் தேவன் ஏற்றுக்கொள்வார் என்று அந்தப் படுக்கையில் கிடப்பவர் காதில் விழுந்தால், தம்பி மகன் வராமல் போனால் என்ன ஆகும்? இல்லை, வந்து திட்டிவிட்டுப் போனால்? அவருடைய இரட்சிப்பை இன்னொரு ஆள் கையில் கொண்டுபோய் வைக்கிறோம்.

எபிரேயப்பிரியன்

இந்த இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். மொழி பக்கத்திலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன், வரிசைச் சண்டைக்குக் கொஞ்சம் உதவும்.

நாம் "விசுவாசம்" ஒரு டப்பா, "கீழ்ப்படிதல்" இன்னொரு டப்பா என்று வைத்துக்கொண்டு எது முன்னால் எது பின்னால் என்று கேட்கிறோம். பவுலுக்கு அப்படி இல்லை. ரோமர் 1:5 பாருங்கள், கிருபையைப் பெற்றோம், எதற்காக, சகல ஜாதிகளையும் விசுவாசத்துக்குக் கீழ்ப்படியப்பண்ணுவதற்காக. நாம் இங்கே பிரித்துப் பிரித்துப் பேசுகிற மூன்று வார்த்தையும் ஒரே வசனத்தில் நிற்கின்றன. நிருபத்தின் கடைசியிலும், 16:26-இல், அதே சொற்றொடரோடுதான் முடிக்கிறார். நடுவில் 10:16-இல் எல்லாரும் சுவிசேஷத்துக்குக் கீழ்ப்படியவில்லை என்று சொல்லிவிட்டு, அதற்கு ஆதாரமாக ஏசாயாவிலிருந்து "விசுவாசித்தவன் யார்" என்ற வரியை எடுக்கிறார். கீழ்ப்படியவில்லை என்பதற்கு விசுவாசிக்கவில்லை என்பது சாட்சி. அடுத்த வசனம் விசுவாசம் கேள்வியினால் வரும்.

கிரேக்கத்தில் கீழ்ப்படிதலுக்கான சொல் "ஹுபகொயே". அதற்குள் "அகொயே" இருக்கிறது, கேட்டல் என்று அர்த்தம். எபிரேயத்தில் கேட்பதற்கும் கீழ்ப்படிவதற்கும் ஒரே வினைதான், "ஷாமா". இதைப் புரிந்துகொள்ளத் தமிழனுக்கு அகராதி வேண்டாம். "சொன்னா கேக்கமாட்டியா" என்று அம்மா திட்டும்போது உனக்குச் செவிடா என்றா கேட்கிறாள்? சொல்பேச்சு கேட்கிற பிள்ளை என்றால் கீழ்ப்படிகிற பிள்ளை. நம் "கேள்" காதையும் காலையும் ஒன்றாகவே கட்டிவைத்திருக்கிறது. உண்மையாகக் கேட்டவன் நகர்வான். நகரவில்லையென்றால் சத்தம்தான் விழுந்தது, அவன் இன்னும் கேட்கவில்லை.

யோவான் 3:36-ம் உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பில் "குமாரனை விசுவாசியாதவனோ" என்று இருக்கிறது. வசனத்தின் முதல் பாதியில் வருகிற விசுவாசம் என்ற சொல் மூலத்தில் இங்கே இல்லை, "கீழ்ப்படியாதவன்" என்று அர்த்தம் தருகிற வேறு சொல் இருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் தப்புப் பண்ணினார்கள் என்று சொல்லமாட்டேன். அந்த இரண்டும் அவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் அப்படி விழுந்திருக்கிறது.

தரங்கைவாசி

இது அருமை. ஆனால் ஒட்டவைத்துவிட்டால் ஒரு ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். இரண்டும் ஒன்றேதான் என்றால், என் கீழ்ப்படிதல் குறையும்போதெல்லாம் என் விசுவாசமும் கணக்கில் குறையும், மறுபடியும் "போதுமா" வந்துவிடும். ஆபிரகாமை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் 15:6-இல் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. தேவன் கட்டளையிட்ட விருத்தசேதனம் 17-ஆம் அதிகாரத்தில், அப்போது அவனுக்கு 99 வயது. மகன் இஸ்மவேல் பிறந்தபோது 86, அது 16-ஆம் அதிகாரம். அப்படியானால் நீதிமான் என்று எண்ணப்பட்டதற்கும் விருத்தசேதனத்துக்கும் நடுவில் குறைந்தது பதின்மூன்று வருஷம். ரோமர் 4-இல் பவுல் இந்த இடைவெளியைத்தான் பிடித்துக்கொள்கிறார், எப்போது எண்ணப்பட்டது, முன்னா பின்னா? மகன் ஈசாக்கைப் பலியிட மலைமேல் கொண்டுபோனது இன்னும் பின்னால், 22-இல். யாக்கோபு தன் நிருபத்தில் அந்த 22-ஐ எடுத்து, அதினால் 15-ஆம் அதிகாரத்து வசனம் நிறைவேறிற்று என்கிறார், விசுவாசம் "பூரணப்பட்டது" என்கிறார். ஒருவர் பிறந்த நாளைப் பேசுகிறார், மற்றவர் அந்தப் பிள்ளை வளர்ந்து நின்ற நாளைப் பேசுகிறார்.

லுத்தர் 1522-இல் யாக்கோபு நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று எழுதியது தவறு என்றே நான் நினைக்கிறேன். பிற்காலப் பதிப்புகளில் அந்த வரி இல்லை. ஆனால் அதே 1522-இல் ரோமருக்கு எழுதிய முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, சுறுசுறுப்பானது, நற்கிரியை செய்யவேண்டுமா என்று கேட்பதற்கு முன்னாலேயே செய்து முடித்திருக்கும் என்று எழுதியவரும் அவர்தான். யாக்கோபு வாசித்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார்.

யோர்தான்

நான் கிறிஸ்துவின் சபையைச் சேர்ந்தவன், இங்கே என் பக்கம் யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். ஆபிரகாம் கதை 15-இல் தொடங்கவில்லை. 12-இல் 75 வயதில் ஊரைவிட்டுப் புறப்பட்டான். எபிரெயர் 11:8 அதை விசுவாசத்தினாலே கீழ்ப்படிந்தான் என்கிறது. அப்படியானால் 15-க்கு முன்னாலேயே கீழ்ப்படிதல் இருக்கிறதே?

எரிகோ பட்டணத்தைப் பாருங்கள். யோசுவா 6:2-இல் எரிகோவை உன் கையில் ஒப்புக்கொடுத்தேன் என்று தேவன் முன்கூட்டியே கொடுத்துவிட்டார், அது ஈவு. ஆனாலும் ஆறு நாள் ஒவ்வொரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று, மொத்தம் பதின்மூன்று சுற்று நடக்கவேண்டும். பத்தோடு நிறுத்தியிருந்தால் மதில் விழுந்திருக்குமா? நடந்ததால் மதில் விழுந்தது என்று எந்த இஸ்ரவேலனாவது கூலி கேட்டானா? சீரியப் படைத்தலைவன் நாகமானும் அப்படியே, குஷ்டரோகி. ஏழு தரம் யோர்தானில் முழுகினான், சுகமானான். சுகமான பிறகு காணிக்கை கொண்டுவந்தபோது, முழுகச் சொன்ன தீர்க்கதரிசி எலிசா தொடவே இல்லை. முழுகினது விலை கிடையாது, விலையாக இருந்திருந்தால் காணிக்கைக்கும் இடம் இருந்திருக்கும். ஆனால் முழுகாமல் போயிருந்தால் குஷ்டரோகியாகவே தமஸ்குவுக்குத் திரும்பியிருப்பான். நான் ஞானஸ்நானத்தைப் பற்றிச் சொல்வது இதுதான், பாவமன்னிப்புக்கென்று ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள் என்கிற அப்போஸ்தலர் 2:38. எங்களைக் கிரியைக்காரர்கள் என்று சொல்லும்போது மனசு வலிக்கிறது.

தரங்கைவாசி

ஐயா, வலித்திருந்தால் மன்னியுங்கள். எலிசா காணிக்கையை மறுத்ததை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. ஆனால் ரோம நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு வீட்டில் பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே பரிசுத்த ஆவி இறங்கிவிட்டாரே, தண்ணீர் ஞானஸ்நானம் அதற்கப்புறம்தானே (அப்போஸ்தலர் 10:44-48)? இயேசுவோடு சிலுவையில் இருந்த கள்ளனுக்குக் காலும் கையும் ஆணியில் இருந்தது, அவன் எங்கே முழுகினான்?

யோர்தான்

கள்ளனிடம் ஆணி அடிக்காமல் இருந்தது நாக்கு மட்டும்தான். அந்த நாக்கால் மற்றவனைக் கடிந்துகொண்டான், தன் குற்றத்தை ஒப்புக்கொண்டான், ஆண்டவருடைய ராஜ்யத்தில் தன்னை நினைக்கும்படி கேட்டான். அவனால் முடிந்தது அத்தனையும் செய்தான். கொர்நேலியுவைப் பற்றித் தனி இழை திறக்கலாம், இங்கே பெரியவர் விஷயம் முக்கியம்.

குருகூரான்

நான் வைணவன், இந்தக் குழுவில் வாசகன் மட்டுமே. தவறாக நினைக்காவிட்டால் ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதே சண்டையைக் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி என்று வைத்துப் பேசுவார்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளவேண்டும், பிடி விட்டால் விழும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வடகலையார் முதலாவதைச் சொல்வார்கள், தென்கலையார் இரண்டாவதை. பெரியவர் இத்தனை காலம் குரங்குக்குட்டியாக இருந்து கை சோர்ந்துவிட்டார் போலிருக்கிறது. கை சோர்ந்தபிறகும் விழவில்லையே என்று மட்டும் சொல்லத் தோன்றியது.

பனைநிழல்

ஐயா, இதை வாசித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நன்றி.

செபமாலை

தம்பி, நான் கத்தோலிக்கப் பொண்ணு, வயசில் உனக்கு அக்காவாகத்தான் இருப்பேன். இந்த மாதிரி இழைகளில் கத்தோலிக்கர்கள் செயல்களால் மோட்சம் வாங்குகிறார்கள் என்று யாராவது சொல்லிவிடுவார்கள், இங்கே இதுவரை யாரும் சொல்லவில்லை, சந்தோஷம். எங்கள் திருச்சபையின் திரிதெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரியில் போட்ட முதல் விதியே, கிறிஸ்துவின் அருள் இல்லாமல் தன் சொந்தச் செயல்களால் ஒருவன் இறைவன்முன் ஏற்புடையவன் ஆகலாம் என்று சொல்பவனைக் கண்டிக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரத்தில் லுத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட அறிக்கையும் அதைத்தான் சொல்கிறது, நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்த அருளே நற்செயலுக்கு நம்மைத் தகுதிப்படுத்தி அனுப்புகிறது. 2006-இல் மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள். வித்தியாசம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அருள் நமக்குள் வந்து நம்மை மாற்றுவதையும் சேர்த்துத்தான் நாங்கள் "ஏற்புடையவர் ஆதல்" என்கிறோம். நீங்கள் அதை, நீதிமான் என்கிற அறிவிப்பு, அப்புறம் வருகிற வளர்ச்சி என்று இரண்டாகப் பிரிப்பீர்கள்.

தரங்கைவாசி அண்ணன் லுத்தரின் பிச்சைக்காரர் வரியைச் சொன்னதும் எனக்குக் குழந்தை தெரேசாவின் ஞாபகம் வந்தது. பிரான்சில் லிசியே மடத்தில் இருந்தவள், 24 வயதில் 1897-இல் காசநோயில் இறந்தாள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு எழுதிய ஒப்புக்கொடுத்தல் செபத்தில், இந்த வாழ்வின் மாலையில் வெறுங்கையோடு உம்முன் வருவேன், என் செயல்களை எண்ணவேண்டாம் என்று கேட்கிறாள். லுத்தர் மடத்து வாழ்க்கையை விட்டுப்போனவர், அவள் அதற்குள் விரும்பி நுழைந்தவள். நடுவில் 350 வருஷம். இரண்டு பேருக்கும் கடைசியில் கை காலி.

தாத்தாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டாய். எனக்குத் தோன்றுவது லூக்கா 15, கெட்டகுமாரன் கதை, ஆனால் சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வருகிற இளைய மகன் வேண்டாம். மூத்த மகனை வாசி. இத்தனை வருஷம் உமக்கு ஊழியம் செய்தேன், ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறவில்லை என்று சொல்லிக்கொண்டு தம்பிமேல் கோபத்தில் வீட்டுக்குள் வராமல் வெளியே நிற்கிறவன். அப்பா அவனைத் தேடியும் வெளியே வருகிறார். இளையவனுக்கு ஓடினார், பெரியவனுக்கு வருந்திக் கூப்பிட்டார். எனக்கு என்னவோ இந்தக் கதை உன் தாத்தாவுக்காகவே எழுதினது போல இருக்கிறது.

உப்பளத்தார்

அக்கா, தம்பியோடு பேசாத அண்ணன். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

மேல்வீட்டறை

ஆமென். பிரதர், நான் "முதலில்" என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தம்பி பிள்ளைகளின் நம்பரை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பனைநிழல்

எட்டு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தாத்தாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, பைபிள் வாசிக்கட்டுமா என்றேன். லூக்கா 15 என்றதும், கெட்டகுமாரன் கதை எனக்குத் தெரியாதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் 25-ஆம் வசனத்திலிருந்து தொடங்கினேன். "மூத்தகுமாரன் வயலிலிருந்தான்" என்பதே முதல் வரி. வயல் என்றதும் திரும்பிப் பார்த்தார். கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்பதை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வெகுநேரம் கழித்து, "நாப்பது வருஷத்துல இதை எத்தனையோ தரம் பிரசங்கம் பண்ணிருக்கேன். எல்லாத் தடவையும் இருபத்துநாலாம் வசனத்தோட முடிச்சிருவேன்" என்றார்.

தம்பி பேச்சை நான் எடுக்கவே இல்லை. லுத்தர், தெரேசா, வரிசை, எதையும் சொல்லவில்லை. எபிரேயப்பிரியன் சொன்ன "கேள்" மட்டும் என் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் அவராகவே என்னைக் கூப்பிட்டு, தம்பி மகனை (எனக்குச் சித்தப்பா முறை) வரச்சொல்ல முடியுமா என்று கேட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பயந்துபோய்க் கேட்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன், பயம் இல்லை. மேல்வீட்டறை பிரதர், நம்பர் எடுத்து வைத்திருந்தேன், உங்களுக்கு நன்றி. சித்தப்பா முதலில் யோசித்தார், வருகிறேன் என்று சொல்லவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து வாசலில் நின்றார். நாங்கள் வெளியே வந்துவிட்டோம். அரைமணி நேரம் உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்த சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் அம்மாவிடம் தண்ணீர் கேட்டார். அந்த வீட்டில் அவர் தண்ணீர் குடித்து இத்தனை வருஷம் ஆகிறது.

தாத்தா இப்போது தூங்குகிறார். "போதுமா" என்று அப்புறம் கேட்கவில்லை.

தரங்கைவாசி

தம்பி, தேவனுக்கு ஸ்தோத்திரம்.

யோர்தான்

பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கொர்நேலியுவுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், தரங்கைவாசி ஐயா அங்கே வாருங்கள்.